நஞ்சுக்கொடியில் கால்சியம்: கிரேடுக்கு முன்னால் வாரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எடுக்கிற ஸ்கேன் அறிக்கையில், குழந்தையின் எடைக்கும் பனிக்குட நீரின் அளவுக்கும் நடுவே ஒரு வரி இருக்கும்: ‘பிளசென்டா ஆன்டீரியர், கிரேடு 3’. அதாவது நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்சுவரில் இருக்கிறது, அதில் தெரியும் மாற்றம் 0 முதல் 3 வரையான கணக்கில் 3. சில இடங்களில் ‘கால்சிஃபிகேஷன் (கால்சியம் படிவு) காணப்படுகிறது’ என்று கூடவே எழுதிவிடுகிறார்கள். விளக்கம் எதுவும் இருக்காது. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும். அதற்குள் வீட்டில் அந்த வரிக்கு அர்த்தம் தேடியாகிவிடும். ‘நஞ்சு முற்றிப்போச்சாம்’, ‘கல்லு பிடிச்சிருக்காம்’, ‘குழந்தைக்கு ரத்தம் போகாதாம்’. அடுத்த வேளையிலிருந்து கால்சியம் மாத்திரை நின்றுபோகும். 36 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். இரண்டுமே தவறு. இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு, எங்களை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான்: 29, 30 வாரத்தில் அதே வரி வரும்போது ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவது. வரி ஒன்றுதான், வாரம் மாறினால் அதன் பொருளே மாறிவிடுகிறது. கர்ப்பகால ஸ்கேனும் மகப்பேறும் பார்க்கும் நாங்கள் அதை விளக்கமாகச் சொல்ல உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்கிறோம்.

முதலில் பெயரில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிளசென்டாவை நஞ்சுக்கொடி என்கிறோம். குழந்தையின் கழுத்தைச் சுற்றும் தொப்புள்கொடியையும் பலர் அதே பெயரில் சொல்கிறார்கள். அதனால் ‘நஞ்சுக்கொடியில் கால்சியம்’ என்றதும், ரத்தம் போகிற குழாயே அடைத்துவிட்டது என்ற படம் மனதில் விழுந்துவிடுகிறது. கால்சியம் படிவது கொடியில் அல்ல. கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் வட்டமான சதைத் தட்டில்தான் படிகிறது. அந்த ‘நஞ்சு’ என்ற சொல்லுக்கும் விஷத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயந்துபோன பெண்ணிடம் இதைச் சொன்னாலே பாதி பாரம் இறங்குகிறது.

மாதம் நிறைந்த பிளசென்டா ஏறத்தாழ 500 கிராம் எடை இருக்கும். குறுக்களவு 20 முதல் 22 செ.மீ., நடுவில் தடிமன் 2 முதல் 2.5 செ.மீ. குழந்தையைப் பார்த்த பக்கம் வழவழப்பாக, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பளபளக்கும். கர்ப்பப்பையைப் பார்த்த பக்கம் கருஞ்சிவப்பாக, 15 முதல் 20 கதுப்புகளாகப் பிரிந்திருக்கும். பிரசவம் முடிந்தபின் அந்தக் கருஞ்சிவப்புப் பக்கத்தில் விரலை மெதுவாக ஓட்டினால், கால்சியம் படிந்த பிளசென்டா ஈரமணலைத் தடவியதுபோல் சொரசொரவென்று இருக்கும். குண்டூசித் தலை அளவில் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். கத்தியால் அறுத்தால் நறநறவென்று சத்தம் வரும். இத்தனை இருந்தும், அதே பிளசென்டாவில் வளர்ந்த குழந்தை நல்ல எடையோடு பிறந்து வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். மாதம் நிறைந்த பிரசவங்களில் இது மிகச் சாதாரணமான காட்சி.

ஏன் இப்படி? படிவு விழும் இடத்தைப் பார்த்தால் புரியும். தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் ரத்தத்துக்கு ஆக்சிஜனும் சத்தும் மாறுவது மெல்லிய விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் வில்லஸ் என்ற இழைக்கொத்துகளில். கால்சியம் பாஸ்பேட் பெரும்பாலும் அங்கே படிவதில்லை. கர்ப்பப்பையை ஒட்டிய அடித்தட்டிலும், கதுப்புகளுக்கு நடுவே எழும் தடுப்புகளிலும், இழைகளைச் சுற்றி உறைந்து கிடக்கும் ஃபைப்ரின் என்ற ரத்தப் புரதத்திலும்தான் படிகிறது. வரப்பில் உப்புப் பூத்திருக்கிறது என்பதற்காகப் பயிருக்குத் தண்ணீர் பாயவில்லை என்று சொல்ல முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

ஆனால் வேறொரு வழியிலும் கால்சியம் சேரும். தாயின் பக்கத்திலிருந்து வரும் ரத்தம் போதாமல் இழைக்கொத்துகளில் ஒரு பகுதி பட்டுப்போனால், இறந்த அந்தத் திசு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். உடம்பில் எங்கே திசு செத்தாலும் நடப்பதுதான் இது. இங்கே கால்சியம் ஒரு தடயம். அதற்கு முன்பே தொடங்கிவிட்ட ரத்த ஓட்டக் குறைவுதான் நோய். உயர் ரத்த அழுத்தம், வளர்ச்சி குன்றிய குழந்தை, புகைபிடித்தல் ஆகியவற்றோடு சேர்ந்து சீக்கிரமே தெரியும் கால்சியத்தை நாங்கள் கவனித்துப் பார்ப்பது இதனால்தான். ஸ்கேன் திரையில் இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். எது எந்த வகை என்று அந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கிரேடு கணக்கு 1979இல் வந்தது. கிரானம், பெர்கோவிட்ஸ், ஹாபின்ஸ் என்ற, அமெரிக்காவில் பணியாற்றிய மூன்று மருத்துவர்கள் அதை வெளியிட்டார்கள். பிளசென்டா கெட்டுவிட்டதா என்று பார்ப்பது அவர்கள் நோக்கமே அல்ல. குழந்தையின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் தாயின் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்து, அதில் லெசித்தின், ஸ்பிங்கோமயலின் என்ற இரண்டு கொழுப்புப் பொருள்களுக்கு இடையே உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரல் முதிர்ந்தது என்று கணக்கு. ஊசி போடாமல் ஸ்கேன் படத்தை வைத்தே இதைச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த முதல் ஆய்வில் கிரேடு 3 தெரிந்த எல்லாருக்கும் நுரையீரல் முதிர்ந்தே இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் கிரேடு 3 இருந்தும் நுரையீரல் முதிராத குழந்தைகள் இருந்தார்கள். அதோடு அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது. எண் மட்டும் அறிக்கையின் அச்சுப் படிவத்தில் தங்கிவிட்டது.

திரையில் நாங்கள் பார்ப்பது இதுதான். கிரேடு 0 என்றால் பிளசென்டா ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்கும், குழந்தைப் பக்கத்து ஓரம் நேர்கோடாக ஓடும். கிரேடு 1இல் அந்த ஓரம் லேசாக அலைபாயும், உள்ளே அங்கங்கே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கிரேடு 2இல் ஓரத்திலிருந்து காற்புள்ளி வடிவத்தில் வெள்ளைக் கோடுகள் உள்நோக்கி இறங்கும், ஆனால் அடித்தட்டைத் தொடாது. அடித்தட்டை ஒட்டியும் வெள்ளைக் கீற்றுகள் தெரியும். கிரேடு 3இல் அந்தக் கோடுகள் மேலிருந்து அடிவரை போய்ச் சேர்ந்து, பிளசென்டாவைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவிடும். அறைகளின் நடுவில் கருப்பாக இருக்கும், பெரிய படிவுகளுக்குப் பின்னால் நிழல் விழும். பொதுவாகக் கிரேடு 2 என்பது 30 வாரத்துக்குப் பிறகும், கிரேடு 3 என்பது 39 வாரத்தை ஒட்டியும் வரும். எல்லாரும் 3க்குப் போயே தீர வேண்டும் என்பதும் இல்லை. 40 வாரத்தில் கிரேடு 1ஆக இருந்தால் அது குறையல்ல. சர்க்கரை நோய் உள்ள தாய்மார்களுக்கு இந்த மாற்றம் தாமதமாக வருவது உண்டு.

இந்த எண் எவ்வளவு ஆடும் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷினில் கெயின் என்ற குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் சாம்பல் நிறமெல்லாம் வெளுக்கும், கிரேடு 1 பார்வைக்கு 2ஆகிவிடும். புதிய மெஷின்களில் படம் கூர்மையாக இருப்பதால், பழைய மெஷினில் தெரியாத புள்ளிகளும் தெரிகின்றன. பிளசென்டா முன்சுவரில் இருந்தால் ப்ரோபுக்கு (வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவிக்கு) நேர்கீழே கண்ணாடிபோலத் தெரியும். பின்சுவரில் இருந்தால் குழந்தையின் முதுகெலும்பும் விலாவும் நிழல் போட்டு மறைத்துவிடும். ஒரே பிளசென்டாவில் ஒரு மூலை 3ஆகவும் மற்றது 1ஆகவும் இருக்கலாம். சிலர் உச்சத்தை எழுதுகிறார்கள், சிலர் பெரும்பாலான பகுதியை எழுதுகிறார்கள். ஆகவே இந்த வாரம் ஓரிடத்தில் கிரேடு 2, நான்கு நாள் கழித்து வேறோரிடத்தில் கிரேடு 3 என்று வந்தால், பிளசென்டா நான்கு நாளில் ‘முற்றிவிட்டது’ என்று அர்த்தமில்லை. பார்த்த கண் வேறு, மெஷின் வேறு, அவ்வளவுதான்.

வெள்ளையாகவோ கருப்பாகவோ தெரிவதெல்லாம் கால்சியமும் அல்ல. பிளசென்டாவுக்குள் கருப்பாகக் குளம்போலத் தெரிவது தாயின் ரத்தம் தேங்கிய இடம். அதில் ரத்தம் மெதுவாகச் சுழல்வதைத் திரையிலேயே பார்க்கலாம், அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

சரி, வாரத்தை வைத்து எப்படிப் பார்ப்பது?

37 வாரம் நிறைந்தபின் கிரேடு 3 வந்து, குழந்தையின் வளர்ச்சியும் நீரும் தாயின் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால், அந்த எண்ணுக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வழக்கமான செக்கப் போதும். அந்த ஒரு காரணத்துக்காக வலி வரவைப்பதற்கும் ஆபரேஷனுக்கும் அடிப்படை இல்லை. வேறு காரணம் இல்லாத திட்டமிட்ட சிசேரியன் 39 வாரம் நிறைந்தபின்தான் செய்யப்பட வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் நுரையீரலில் இருக்கும் நீர் வடியாமல் குழந்தை மூச்சுவாங்கி, ஐ.சி.யு.வில் இருக்க நேரும் வாய்ப்பு கூடுகிறது. ‘கிரேடு 3 வந்துவிட்டது, நுரையீரல் தயாராகிவிட்டது’ என்று இன்றும் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். மேலே சொன்னபடி, அந்தக் கணக்கு காலாவதியாகிவிட்டது.

32க்கும் 36க்கும் இடையில் கிரேடு 3 வந்தால், பயப்படாமல் ஒரு முழுப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், குழந்தையின் வளர்ச்சி, நீர், டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்). எல்லாம் சரியென்றால் இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து வளர்ச்சியை மறுபடி அளந்தால் போதும்.

32 வாரத்துக்கு முன் கிரேடு 3 என்பது வேறு கதை. அப்படித் தெரிந்தவர்களில் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிளசென்டா முன்கூட்டியே பிரிதல், பிரசவத்துக்குப்பின் அதிக ரத்தப்போக்கு ஆகியவை அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்பதல்ல. ஆனால் அந்தப் பெண்ணின் கர்ப்பத்தை அதிக ஆபத்துள்ளதாக வைத்துப் பார்க்க வேண்டும். சிசு மருத்துவ வசதியுள்ள மருத்துவமனையோடு அவருக்குத் தொடர்பு இருக்க வேண்டும். 34 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டி வரலாம் என்று தோன்றினால், நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியை நேரத்தோடு போட வேண்டும்: பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை, அல்லது டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு தடவை. இதையும் கிரேடைப் பார்த்து முடிவு செய்வதில்லை, டாப்ளரும் தாயின் நிலையும்தான் முடிவு செய்யும்.

இந்த வாரக் கணக்கெல்லாம் வாரம் சரியாக இருந்தால்தான். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து சொல்லும் தேதி, 5 முதல் 7 நாள் வரைதான் முன்பின் ஆகும். கடைசி மூன்று மாதத்தில் முதன்முதலாக ஸ்கேன் எடுத்துச் சொல்லும் தேதி மூன்று வாரம்கூட மாறலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. வளர்ச்சி குன்றிய குழந்தையை 35 வாரத்தில் முதன்முதலாக அளந்தால், மெஷின் ‘31 வாரம்’ என்று காட்டும். அதையே கர்ப்ப வாரம் என்று எடுத்துக்கொண்டால் குழந்தை ‘வயதுக்கேற்ற வளர்ச்சி’ ஆகிவிடும், உண்மையான சிக்கல் மறைந்துவிடும். ஆகவே முதல் ஸ்கேன் அறிக்கையைக் கடைசி மாதம் வரை பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு தடவையும் கையோடு கொண்டுபோங்கள். கடைசி மாத ஸ்கேனில் பிரசவத் தேதியை மாற்றி எழுதினால், ஏன் என்று கேளுங்கள்.

வளர்ச்சியை அளக்கும்போது தலை, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு ஆகியவற்றை வைத்து மெஷின் எடையைக் கணக்கிடுகிறது. அந்த எடை 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால் ஒரு வாரத்தில் இரண்டு தடவை எடை பார்ப்பதில் பயனில்லை. இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். பிளசென்டா தளரும்போது முதலில் பின்தங்குவது வயிற்றுச் சுற்றளவு. ஈரலில் சேமிக்க வேண்டிய சர்க்கரை சேராமல் ஈரல் சிறுத்துப்போவதே காரணம். எனவே மொத்த எடையை மட்டும் பார்க்காமல், வயிற்றுச் சுற்றளவின் வளைகோடு முந்தைய ஸ்கேனைவிடக் கீழிறங்குகிறதா என்று பாருங்கள். எடை 3ஆம் சென்டைலுக்குக் கீழே (அதே வாரத்தில் உள்ள 100 குழந்தைகளில் எடை மிகக் குறைந்த மூன்று பேருக்குள்) இருந்தால் அதுவே தனியாக வளர்ச்சிக் குறைவு. 3க்கும் 10க்கும் இடையில் இருந்தால் டாப்ளரைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பனிக்குட நீர் குழந்தையின் சிறுநீர்தான் பெரும்பகுதி. ரத்தம் குறையும்போது குழந்தை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிவிட்டுச் சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்ளும், நீரும் குறையும். ஆழமான ஒரே பையின் அளவு 2 செ.மீ.க்குக் கீழே போனாலோ, நான்கு பைகளின் கூட்டுத்தொகை 5 செ.மீ. அல்லது அதற்குக் கீழே வந்தாலோ நீர் குறைவு. பனிக்குடம் உடைந்து கசிகிறதா என்பதையும் அப்போது பார்க்க வேண்டும்.

டாப்ளரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றுகிறது, பிளசென்டா வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது அதுதான். தொப்புள்கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. குழந்தையின் இதயம் துடிக்கும்போது தமனியில் ரத்தம் பிளசென்டாவை நோக்கிப் பாயும், திரையில் ஒரு சிகரம் எழும். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்திலும் ரத்தம் தொடர்ந்து முன்னால் போக வேண்டும். சிகரங்களுக்கு நடுவே பள்ளம் அடிக்கோட்டைத் தொடாமல் மேலேயே நிற்க வேண்டும். மாதம் ஏற ஏற அந்தப் பள்ளம் இன்னும் மேலே வருவதுதான் இயல்பு. பிளசென்டாவுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் கணிசமான பங்கு அழிந்துபோனால் எதிர்ப்பு கூடும், பள்ளம் கீழிறங்கும். பிறகு அடிக்கோட்டைத் தொடும். அதற்கும் கீழே இறங்கினால் ரத்தம் பின்னோக்கித் திரும்புகிறது என்று பொருள். பள்ளம் அடிக்கோட்டைத் தொட்ட நிலையிலேயே மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும். பின்னோக்கிய ஓட்டம் அவசரம். கூடவே குழந்தையின் மூளைத் தமனியையும் பார்ப்போம். அங்கே எதிர்ப்பு குறைந்திருந்தால், குழந்தை மற்ற உறுப்புகளைக் குறைத்து மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது என்று பொருள்.

இந்த அளவையிலும் தவறு நேரலாம். குழந்தை அசையும்போதும் மூச்சசைவு செய்யும்போதும் எடுத்தால் அலை கலைந்துவிடும். கொடி குழந்தையின் வயிற்றில் சேரும் இடத்தில் எடுத்தால் எதிர்ப்பு கூடுதலாகவும், பிளசென்டாவில் சேரும் இடத்தில் எடுத்தால் குறைவாகவும் காட்டும். நடுவில் மிதக்கும் பகுதியில், ஒலிக்கற்றையும் ரத்த ஓட்டமும் முடிந்தவரை ஒரே திசையில் இருக்கும்படி வைத்து, ஒரேமாதிரி மூன்று அலைகளாவது வந்தபின் அளக்க வேண்டும். முதல் தடவை மோசமாக வந்தால், முடிவெடுக்கும் முன் குழந்தை அமைதியானதும் மறுபடி பாருங்கள் என்று ஸ்கேன் எடுக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது கால்சியம் மாத்திரை. வீடுகளில் முதலில் நிற்பது இதுதான் என்பதால், இதைப் பற்றித் தெளிவாகவே சொல்ல வேண்டும். மாத்திரையில் இருக்கும் கால்சியம் நேராகப் போய்ப் பிளசென்டாவில் ஒட்டிக்கொள்வதில்லை. ரத்தத்தில் கால்சியத்தின் அளவைப் பாராதைராய்டு ஹார்மோன் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மி.கி. என்ற குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கிறது. கூடினால் சிறுநீரில் கழியும். மாத்திரையை நிறுத்தினால் ஏற்கெனவே இருக்கும் படிவு கரைந்துவிடும் என்பதற்கும் எந்தச் சான்றும் இல்லை.

நிறுத்தினால் இழப்பு உண்டு. பிறக்கும்போது குழந்தையின் எலும்பில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் சுமார் 80 சதவீதம் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 250 முதல் 300 மி.கி. வரை. பிளசென்டா இதைத் தாயிடமிருந்து இழுத்து, குழந்தையின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட அதிகமாகவே வைத்திருக்கிறது. தாய் சாப்பிடுவதில் போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். உணவில் கால்சியம் குறைவாக உள்ள மக்களிடையே, தினமும் 1.5 முதல் 2 கிராம் வரை தனிமக் கால்சியம் (மாத்திரையின் எடையில் உண்மையில் கிடைக்கும் கால்சியம்) கொடுத்தால் கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரிக்ளாம்ப்சியா குறைகிறது என்பதற்காகவே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது. யோசித்துப் பாருங்கள்: பிளசென்டாவைக் கெடுப்பது இந்த ரத்த அழுத்த நோய். அதைத் தடுக்கும் மாத்திரையை, பிளசென்டாவைக் காப்பாற்றுவதாக நினைத்து நிறுத்துகிறோம்.

மாத்திரை அட்டையில் எழுதியிருக்கும் எடையையும் உண்மையில் கிடைக்கும் கால்சியத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றால் அதில் கிடைக்கும் கால்சியம் 500 மி.கி. சிட்ரேட் என்றால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உறிஞ்சப்படுவது குறைகிறது. அதனால் பிரித்து எடுக்க வேண்டும். கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் தேவை, சாப்பாட்டோடு போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சேராது. இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரைகள் சிலவற்றிலும் கால்சியம் கார்பனேட்தான் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்து, ஒரு நாளைக்கு 2500 மி.கி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல்லோ பாராதைராய்டு நோயோ இருப்பவர்களுக்கு அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் ஒரு ஸ்கேன் வரியைப் பார்த்துத் தாமாக நிறுத்தக் கூடாது.

புகையைத்தான் நிறுத்த வேண்டும். மாதம் நிறையும் முன்பே கால்சியம் படிவதோடு தொடர்புள்ளவற்றில் நம் கையில் இருப்பது இது ஒன்று. கர்ப்பிணி புகைபிடிக்காவிட்டாலும், பக்கத்தில் பிறர் விடும் புகையும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை அசைவைக் கவனிப்பது. இடப்பக்கமாகப் படுத்து, குழந்தை வழக்கமாகத் துள்ளும் நேரத்தில் எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வர வேண்டும். அந்த எண்ணிக்கையைவிட முக்கியம், உங்கள் குழந்தையின் வழக்கம். வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது என்று தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கிரேடு 0 என்று அறிக்கை இருந்தாலும் போங்கள். ‘கடைசி மாதத்தில் இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும்’ என்பது உண்மையல்ல. அசைவின் தன்மை மாறும், எண்ணிக்கை குறையக் கூடாது. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, விடாத வயிற்று இறுக்கம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

ஸ்கேன் மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரேடை எழுதாமல் விடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 1987இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், கிரேடை மருத்துவருக்குத் தெரிவித்த குழுவில் நன்மை தெரிந்தது. அது மறுபடி உறுதியாகவில்லை என்றாலும், முன்கூட்டியே தெரியும் கிரேடு 3ஐ மறைப்பதில் நியாயமில்லை. எழுதும் விதத்தை மாற்றுங்கள். வெறும் ‘கிரேடு 3’ என்று விடாமல், ‘38 வாரம், கிரேடு 3, இந்த வாரத்துக்கு இயல்பு’ என்று எழுதலாம். 30 வாரம் என்றால் ‘வாரத்துக்கு முந்திய மாற்றம், டாப்ளரும் வளர்ச்சியும் இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கவும்’ என்று எழுதி, அனுப்பிய டாக்டருக்குப் போனிலும் சொல்லிவிடலாம். நான்கு சொல் கூடுதலாக அடிப்பதால் ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் தூக்கம் மிஞ்சும்.

பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு ஒன்று. குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலோ, தாய்க்கு ரத்த அழுத்தம் இருந்தாலோ, மாதத்துக்கு முன்பே கிரேடு 3 தெரிந்திருந்தாலோ அந்தப் பிளசென்டாவை எறிந்துவிடாதீர்கள். கொடியையும் பனிக்குடச் சவ்வையும் வெட்டி நீக்கிவிட்டு எடைபோட்டுக் குறித்து, ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவத்தில்) போட்டு நோயியல் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த வெள்ளைப் புள்ளிகள் வெறும் வயதான படிவா, பட்டுப்போன திசுவா என்று அப்போதுதான் உறுதியாகத் தெரியும். பட்டுப்போன திசு நிறைய இருந்தது என்று வந்தால், அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்திலிருந்து, 16 வாரத்துக்குள், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று டாக்டர் முடிவெடுக்க அந்த ஒரு தாள் உதவும். அதன் நகலைத் தாயின் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கர்ப்பகால ஸ்கேன், மகப்பேறு மருத்துவப் பணியில் உள்ள மருத்துவர்கள் சிலர்